பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டும் சாகிறதே, அப்புறம் எதற்கு ஊசி?

கருவேலங்காட்டான்:
தேவிபட்டினம் பக்கம் 40 வெண்பன்றி வளர்க்கிறேன். எல்லாவற்றுக்கும் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டாச்சு. போன மாதம் தீனி எடுக்காமல், காது சிவந்து, ஒரே வாரத்தில் 14 போய்விட்டன. ஊசியே ஏமாற்று வேலை. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பாக்குநீரிணை:
அண்ணே, ஏமாற்றுவது ஊசி இல்லை, பெயர். பன்றிக் காய்ச்சல் என்று நாம் மூன்று நோயைச் சொல்கிறோம். 2009ல் மனிதர்களுக்குப் பரவியது எச்1என்1 ஃப்ளூ. நீங்கள் போட்டது கிளாசிக்கல் காய்ச்சலுக்கான ஊசி. ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கும் அதே காய்ச்சல், அதே சிவப்பு, ஆனால் இரண்டு வைரஸுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, கிளாசிக்கலுக்கு மரபுப்பொருள் ஆர்.என்.ஏ., ஆப்பிரிக்கக் காய்ச்சலுடையது பெரிய டி.என்.ஏ. வைரஸ், அதனால் நீங்கள் போட்ட ஊசி ஆப்பிரிக்கக் காய்ச்சலைத் தொடாது. ரத்தம் எடுத்துச் சோதித்தீர்களா?

கருவேலங்காட்டான்:
இல்லை, நாறிவிடும் என்று புதைத்துவிட்டேன். சரி, வைரஸ்தான் மாதாமாதம் உருமாறுகிறதாமே, எந்த ஊசி போட்டு என்ன? கொண்டு வந்தது காட்டுப்பன்றி. ராத்திரியில் என் மிளகாய்க் கொல்லையை நோண்டுவதும் அதுதான்.

சாயல்குடி மாப்ள:
காட்டுப்பன்றியைச் சும்மா விடமுடியாது. போலந்து பக்கம் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வருடக்கணக்கில் அடங்காததற்கு அதுவும் காரணம்.

பாக்குநீரிணை:
அங்கே சரி. ஆனால் எல்லா வைரஸும் ஒரே வேகத்தில் மாறாது. சினைப்பன்றி குட்டி வீசுமே, அந்த பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் (இங்கே 2013ல் மிசோரத்தில் தெரியவந்தது) படுவேகமாக மாறும், ஒரு பண்ணையில் கேட்ட ஊசி பக்கத்துப் பண்ணையில் கேட்கும் என்று நம்ப முடியாது. ஃப்ளூவுக்கு மரபணு எட்டுத் துண்டு, ஒரே பன்றிக்குள் இரண்டு ஃப்ளூ புகுந்தால் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி புதிதாக ஒன்று வெளியே வரும். ஆப்பிரிக்கக் காய்ச்சல் அப்படி அவசரப்படாது. 2007ல் ஜார்ஜியா, 2018ல் சீனா, 2020ல் அசாம், இவ்வளவு தூரமும் வந்தது அதே இரண்டாம் மரபு வகை. காட்டுப்பன்றி கால்நடையாகவா வந்தது? லாரியிலும் குட்டி வியாபாரத்திலும் கறி மிச்சத்திலும் நாம்தான் ஏற்றி வந்தோம். உங்கள் தீனி எது?

கருவேலங்காட்டான்:
ராமேஸ்வரத்துச் சாப்பாட்டுக் கடை மிச்சம். அத்தனையும் சைவம் தம்பி. சாம்பார் சோற்றில் என்ன வைரஸ் இருக்கும்?

சாயல்குடி மாப்ள:
அண்ணே, கோபிக்காதீங்க. அந்த மாதிரி வண்டி ஒன்று பன்றிக்கறிக் கடை வாசலிலும் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே டிரம்தான்.

பாக்குநீரிணை:
சைவமோ அசைவமோ, அரை மணி நேரமாவது கிளறிக் கொதிக்க வைத்து, ஆறியபின் ஊற்றுங்கள். பக்கத்துப் பண்ணைக்குப் போன செருப்போடு கொட்டகைக்குள் போகாதீர்கள். மீதி இருப்பவற்றைச் சோதிக்காமல் விற்றுவிடாதீர்கள், அப்படி விற்றால் அடுத்த ஊருக்கும் போய்விடும்.

கருவேலங்காட்டான்:
வியாபாரி வேறு நேற்றே கேட்டான், பாதி விலைக்கு. கொடுக்கவில்லை. இன்றைக்கு ஒன்று சுருண்டு கிடக்கிறது, ரத்தம் எடுக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். கொதிக்க வைக்கக் கருவேல விறகு கிடக்கிறது. ஆனால் காட்டுப்பன்றி மேல் தப்பே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், மிளகாய்க்கு யார் பதில் சொல்வது?