மிளகாய் பஜ்ஜி சட்டையைக் கழற்றுகிறது: எல்லையோர எண்ணெய்ச்சட்டி அனுபவங்கள்

நகரி மருமகள்:

என் பிறந்த வீடு கும்பகோணம் பக்கம். அங்கே பஜ்ஜி என்றால் வாழைக்காய், மிஞ்சிப்போனால் வெங்காயம். மாவில் போடுகிற மிளகாய்த்தூள் நிறத்துக்குத்தான், நாக்குக்கு இல்லை. கல்யாணமாகி, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்கு வந்த வருஷம், ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் வீடு நிறைய உறவுக்காரர்கள். மாமியார் ஒரு முறம் பஜ்ஜி மிளகாயை என் முன்னால் வைத்து, "சட்டுனு போட்டுடும்மா" என்றார்.

நானும் போட்டேன். கீறவில்லை, விதை எடுக்கவில்லை. கழுவின ஈரத்தோடு முழுசாக மாவில் முக்கி எண்ணெயில் விட்டேன். மூன்றாவது மிளகாய் டப்பென்று வெடித்தது. உள்ளே அடைபட்ட ஆவி வெளியே வர வழி தேடியிருக்கிறது, பாவம். எண்ணெய் சுவர் வரைக்கும் தெறித்தது. மாமனார் ஒன்றை எடுத்துக் கடித்தார். மாவு அவர் கையோடு வந்தது, மிளகாய் தட்டில் விழுந்தது, பச்சையாகவே. "சட்டை தனியா வருது, ஆள் தனியா வர்றான்" என்றார். இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் மிளகாய் பஜ்ஜிக்கு அதுதான் பேச்சு.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்கு அக்கா. தெருவே அவரை ஒதினா (நம்ம அண்ணி) என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. வெடிச் சத்தம் கேட்டு வந்தவர், என் மாவை விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "காரமே லேதே" என்றார். எனக்கோ நாக்கு எரிந்துகொண்டிருந்தது. "பிண்டிலோ ரெண்டு ஸ்பூன்லு காரம் வெய்யி" என்றாரே பார்க்கலாம். காரத்தை எப்படி ஸ்பூனில் அளப்பது என்று முழித்தேன். தெலுங்கில் காரம் என்றால் சுவை மட்டுமில்லை, மிளகாய்ப்பொடிக்கே அதுதான் பெயர். அது புரிய எனக்கு ஒரு மாசம் ஆனது. அதற்குள் எத்தனை குழம்பு பாழானதோ.

அன்று அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன். மிளகாயை ஒரு பக்கம் மட்டும் கீற வேண்டும், காம்பும் நுனியும் பிளக்கக் கூடாது. விதையோடு உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பையும் வழித்து எடுக்க வேண்டும். எரிச்சல் விதையில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம், அதிகம் இருப்பது அந்த வெள்ளைப் பகுதியில். பத்து மிளகாய்க்கு நெல்லிக்காய் அளவு புளி, ஒரு ஸ்பூன் ஓமம் (அவர்களுக்கு வாமு), அரை ஸ்பூன் உப்பு. தண்ணீர் காட்டாமல் கெட்டியாக அரைத்து உள்ளே தடவ வேண்டும். இரண்டு கப் கடலைமாவுக்குக் கால் கப் அரிசிமாவு, சிட்டிகை ஆப்பசோடா, காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி. அப்புறம் அந்த "காரம்" ரெண்டு ஸ்பூன்.

கடித்ததும் முதலில் புளிப்பு, பிறகு ஓமம், அதற்கும் பிறகுதான் மிளகாய். கண்ணில் தண்ணீர் வந்தாலும் கை அடுத்ததற்குப் போகும்.

ஒதினா இப்போது மகனோடு திருப்பதியில். போனில் கேட்டால் "அன்னிக்கி காட்டினேனே" என்கிறார். சுவை அப்படியே வந்துவிட்டது. ஆனால் சட்டை கழற்றும் கதை மட்டும் தீரவில்லை. பத்துக்கு நாலு இன்னும் மாவை விட்டு நழுவுகிறது. உங்களில் யாருக்காவது இதற்கு வழி தெரியுமா? வழி தெரியாவிட்டால் உங்கள் எண்ணெய்ச்சட்டிக் கதையையாவது சொல்லுங்கள்.

புத்தூர் தறிக்காரன்:

நான் போடுறவன் இல்லம்மா, தின்றவன். ஆனா தின்றவனுக்கும் கண்ணு இருக்கு. இருபது வருஷம் விசைத்தறி ஓட்டினேன். ஷெட்டுக்கு எதிர்ல ஒரு பஜ்ஜி வண்டி. தறிச் சத்தத்துல காது அடைச்சுப் போயிருக்கும், யார் என்ன பேசினாலும் கேக்காது. அதனால முறை வர்ற வரைக்கும் அவர் கையையே பாத்துக்கிட்டு நிப்பேன்.

மிளகாயைக் கழுவி வெயில்ல ஒரு மூங்கில் தட்டுல பரப்பி வெச்சிருப்பார். அது போதாதுன்னு ஒவ்வொண்ணையும் பழைய வேட்டித்துணியால அழுத்தித் துடைப்பார். மிளகாய்த் தோல் வழுவழுன்னு இருக்குமில்ல, அதுல துளி ஈரம் இருந்தாலும் மாவு ஒட்டாது. துடைச்சதை வெறும் கடலைமாவுல ஒரு புரட்டு, அப்புறம்தான் கரைச்ச மாவு. அந்த மாவும் கரண்டியைத் தூக்கினா நாடா மாதிரி இறங்கணும், தண்ணியா ஒழுகக் கூடாது. காம்பைப் பிடிச்சு முக்கி, ஏனத்து விளிம்புல ஒரு பக்கத்தை லேசா வழிச்சுட்டு விடுவார்.

உள்ளே பச்சையா நிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கும் அவர்கிட்ட வழி உண்டு. நாலு மணிக்கே எல்லாத்தையும் மிதமான சூட்டுல முக்கால் பதம் எடுத்து வெச்சிடுவார். வெளுப்பா, பாக்கவே நல்லா இருக்காது. ஆள் வந்து நின்னதும் நல்லாக் காய்ஞ்ச எண்ணெயில ரெண்டாவது தடவை. முதல் தடவை மிளகாய் வேகுறதுக்கு, ரெண்டாவது தடவை மேல மொறுமொறுப்புக்கு.

ஒரே குறை, அந்த எண்ணெய். கறுத்து, பிசுபிசுத்து, சட்டி ஓரமெல்லாம் நுரை நிக்கும். எத்தனை நாள் எண்ணெய்னு அவருக்கே தெரியாது. பொரிச்ச எண்ணெயில கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2018 ஜூலையிலயிருந்து சட்டமே இருக்காம், என் பையன் சொல்றான். வண்டிக்காரர்கிட்ட போய் யார் சதவீதம் பேசுறது? வீட்டுலயே போட்டுக்கலாம்னு என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். "நீங்கதானே இருபது வருஷம் பாத்தீங்க, நீங்களே போடுங்க"ன்னுட்டா. இன்னும் போடலை.

ஏகாம்பரகுப்பம்:

சோடாவைத் தூக்கி எறியுங்க மொதல்ல. எண்ணெய் குடிக்கும்.

திருத்தணி பாட்டி:

சிட்டிகை சோடா போட்டா ஒண்ணும் குடிக்காது தம்பி. அளவு மீறினாத்தான் குடிக்கும். எண்ணெய் காயாம போட்டா சோடாவே இல்லாட்டியும் குடிக்கும். பழியை ஒருத்தர் தலையில மட்டும் போடாதீங்க.

பள்ளிப்பட்டு:

என் கதை பஜ்ஜி இல்லை, செக்கலு. நம்ம தட்டைதான். எங்க ஊர்ல பாதிப் பேர் செக்கலுன்னும் பாதிப் பேர் தட்டைன்னும் சொல்வாங்க. எங்க வீட்டுலயே அப்பா ஒண்ணு சொல்வார், அம்மா ஒண்ணு சொல்வாங்க.

2020 ஊரடங்கு. நான் வேலை பாக்கிற ஊர்ல தனி அறை, கையில ஒரு ஸ்டவ், ஒரு சட்டி. தீபாவளிக்கு ஊருக்கு வர முடியலை. அம்மா போன்ல அளவு சொன்னாங்க: நாலு பங்கு அரிசிமாவு, ஒரு பிடி ஊறவெச்ச கடலைப்பருப்பு, எள்ளு, கிள்ளின கறிவேப்பிலை, கொஞ்சம் வெண்ணெய், காய்ஞ்ச மிளகாயும் பூண்டும் அரைச்ச விழுது. எல்லாம் சரியாத்தான் போட்டேன். ஆனா பருப்பை வடிகட்டின கையோட அப்படியே மாவுல கொட்டிட்டேன். எண்ணெயில போட்டதும் ஒவ்வொரு பருப்பா துள்ளி வெளிய வந்துச்சு. முழங்கைக்குக் கீழ ஒன்பது புள்ளி. இப்பவும் ரெண்டு தழும்பு இருக்கு.

தட்டை பாதிக்குப் பாதி பூரி மாதிரி உப்பிடுச்சு. நான் போட்டோ அனுப்பினேன். அம்மா போட்டோவைப் பாக்கவே இல்லை, "முள்கரண்டியால குத்தினியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. குத்தலை. "பருப்பைத் துணியில ஒத்தினியா?" ஒத்தலை. "சரி, இருக்கிற மாவைத் தட்டு, நான் லைன்லயே இருக்கேன்."

அடுத்த ஈடு போட்டேன். எப்ப எடுக்கணும்னு கேட்டேன். நிறத்தைச் சொல்வாங்கன்னு நினைச்சா, "போனைச் சட்டிக்கிட்ட பிடி"ன்னாங்க. பிடிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "இன்னும் இல்லை"ன்னாங்க. மறுபடி பிடிச்சேன். "இன்னும் இல்லை." சலசலப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, நுரை சுருங்குது. எனக்குக் கை வலிக்குது, போன் சூடாகுது. அப்புறம் ஒரு நொடி, "ம், எடுத்துடு."

மாவுல இருக்கிற தண்ணி ஆவியாப் போற சத்தம்தான் அது. தண்ணி தீர்ந்தா சத்தம் அடங்கும், தட்டையும் நாலு நாளைக்கு நமுத்துப் போகாது. இது அப்புறம் நானே யோசிச்சது. அம்மாவுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படலை. முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, கேட்டே சொல்லிட்டாங்க.

குப்பம் டீச்சர்:

பள்ளிப்பட்டுத் தம்பிக்கு: எங்கள் குப்பத்தில் அதே தட்டைக்கு மூன்றாவது பெயரும் உண்டு, நிப்பட்டு. கர்நாடகம் கூப்பிடு தூரம்தானே. பண்டிகைக்கு மூன்று வீட்டிலிருந்து மூன்று பெயரில் ஒரே பலகாரம் வரும். நிப்பட்டில் மட்டும் ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை கூடுதலாக இருக்கும்.

வேர்க்கடலை என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். விஜயவாடாப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த தெலுங்கு டீச்சர், முதல் வாரமே ஒரு டப்பாவை நீட்டி, "பல்லீலு வேயிஞ்சி தெச்சானு" என்றார். வறுத்துக் கொண்டுவந்திருக்கிறாராம். பல்லியை! என் பக்கத்தில் இருந்த தமிழ் ஐயா சைவம், எழுந்தே போய்விட்டார். திறந்து பார்த்தால் மசாலா வேர்க்கடலை, கடலைமாவில் பிசிறிப் பொரித்தது. எங்கள் பக்கத்துத் தெலுங்கில் அதற்குச் செனக்காயலு என்றுதான் பேச்சு, அதனால் எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. அந்த ஐயா பிறகு தினமும் "பல்லி இருக்கா?" என்று கேட்டு வாங்கித் தின்றார்.

நகரி அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை. விதை எடுத்த கையைத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன். மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். முதலில் கையில் நல்லெண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு. வாய் எரிந்தால் தண்ணீர் குடிப்பதும் வீண்தான், மோர் குடியுங்கள்.

ஏகாம்பரகுப்பம்:

சரி பாட்டி, சிட்டிகை போடலாம். அதுக்கு மேல இறங்கி வர மாட்டேன்.

நகரி மருமகள்:

தறிக்கார அண்ணா சொன்னபடி நேற்று செய்தேன். மிளகாயைக் கழுவி மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் பரப்பினேன், துணியால் துடைத்தேன், வறண்ட மாவில் புரட்டினேன், இரண்டு தடவை பொரித்தேன். இருபது போட்டதில் ஒன்று மட்டும் நழுவியது. அதுவும் நான் நுனியைக் கிழித்துவிட்டது. மாமனார் இப்போது இல்லை. மாமியார் ரெண்டு சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கி ஆள் சட்டையோட இருக்கான்" என்றார்.

உடனே ஒதினாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷமாக இதைச் சொல்லவே இல்லையே, மிளகாயைத் துடைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று சண்டைக்கே போனேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துடைக்கறதையெல்லாமா சொல்லிக் கொடுப்பாங்க?" என்றார், அவருடைய தெலுங்குத் தமிழில்.

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று என் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, ஒவ்வொரு மிளகாயாக எடுத்து முந்தானைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கை ஈரத்தைத் துடைக்கிறார் என்று நினைத்து நான் போய் ஒரு துண்டு எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையிலேயே உருட்டினார்.