வீட்டுக் குழு: ஆரஞ்சு சட்டை

பெரியப்பா: திவ்யா, அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டணிக்கு ‘பிக் டென்’ என்று பெயர், எண்ணினால் 18 கல்லூரி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் டீம் எதற்கு நாட்டின் மறுகோடி நியூஜெர்சி வரை போகிறது?

திவ்யா: டிவி பணம் பெரியப்பா. 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் அங்கே மாறுவதாக அறிவித்தன. ஆகஸ்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்று டிவி நிறுவனங்களும் பிக் டென்னோடு ஒப்பந்தம் போட்டன. 7 வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல்.

அத்தை: கல்லூரிப் பிள்ளைகள் ஆட்டத்துக்கா!

சித்தப்பா: ஆமாம் அக்கா. 1984 வரை கல்லூரிகளின் அமெரிக்க ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை) ஆட்டங்களை டிவிக்கு விற்கும் அதிகாரம், கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் என்சிஏஏ அமைப்பின் கையில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தன. அப்புறம் கல்லூரிகள் கூட்டணி கூட்டணியாக விலை பேச ஆரம்பித்தன.

பெரியப்பா: உன் கார்வாலிஸ் டீம் எப்படித் தம்பி? ஆரஞ்சு சட்டை போட்டோவே காணோம்.

சித்தப்பா: எங்கள் மேற்குக் கரைக் கூட்டணி பேக்-12 உடைந்துவிட்டது அண்ணே. 1915-ல் தொடங்கிய கூட்டணி. ஒளிபரப்பு உரிமையை ஆப்பிள் கேட்டது, ஆனால் எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதை வைத்துத்தான் தொகை ஏறும். அந்த பயத்தில் 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து கல்லூரி கிளம்பின. பக்கத்து ஊர் யூஜீனில் இருக்கிற ஓரிகனும் பிக் டென்னுக்குப் போனது, டிவி பணத்தில் மற்றவர்களின் பங்கில் ஏறக்குறைய பாதிக்குச் சம்மதித்து! கடைசியில் எங்கள் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டுதான் அப்போது மிஞ்சின.

சித்தப்பா: 1894-லிருந்து ஓரிகனோடு மோதுகிறோம். மனசு ஆறவில்லை.

பெரியப்பா: விட்டுப்போனவர்கள் நஷ்டஈடு தரமாட்டார்களா?

திவ்யா: யுசிஎல்ஏ பெர்க்லிக்கு வருடம் 1 கோடி டாலர் தர வேண்டும். இரண்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கிளைகள், அதனால் மேலிடம் அப்படிச் சொல்லிவிட்டது. பெர்க்லியும் ஸ்டான்போர்டும் இப்போது அட்லாண்டிக் கரைக் கூட்டணியான ஏசிசியில்.

திவ்யா: என் ரூம்மேட் வாலிபால் ஆடுகிறாள். போன வாரம் வெளியூர் ஆட்டம் முடிந்து ராத்திரி 2 மணிக்கு வந்தாள். முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கெமிஸ்ட்ரி ரிப்போர்ட் எழுதினாள். காலை 8 மணிக்கு வகுப்பு. டிவிக்காரர்கள் பணம் கொட்டுவது ஃபுட்பாலுக்கு. அதில் வாரம் ஒரு ஆட்டம்தான். நடு வாரத்திலும் பறப்பது இந்தப் பெண்கள்.

அத்தை: அவளுக்கு ஏதாவது பங்கு உண்டா?

திவ்யா: 2025 ஜூனில் ஒரு வழக்கின் சமரசத்துக்குக் கோர்ட் ஒப்புதல் தந்தது அத்தை. இனி ஒரு கல்லூரி வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை விளையாடுகிறவர்களுக்கு நேரடியாகத் தரலாம். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பகுதி ஃபுட்பால், கூடைப்பந்து பையன்களுக்கே போய்விடுகிறது.

பெரியப்பா: இது நியாயமே இல்லை. பயணம் அவளுக்கு, பணம் வேறு யாருக்கோ.

சித்தப்பா: சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போகிறேன் அண்ணே. சட்டை போட்டோ அனுப்புகிறேன்.

அத்தை: திவ்யா, அந்தப் பெண் அடுத்து எப்போது திரும்புகிறாள்?

திவ்யா: நாளை ராத்திரி.

அத்தை: நான் கொடுத்த புளிக்காய்ச்சல் இருக்கிறதா? சோறு பிசைந்து மூடி வை.