பிக்சார் படங்களின் தரம் உண்மையிலேயே இறங்கிவிட்டதா? இறங்கியது எந்த இடத்தில்?

சட்டகம்24 கேட்டது:

பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் ஸ்டுடியோவின் படங்களை ‘டாய் ஸ்டோரி’யிலிருந்து ‘எலியோ’ வரை வரிசையாக வைத்துப் பார்த்தால் சரிவு இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் இதைப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வசூலைக் காட்டுகிறார்கள். மீதிப் பேர் ‘சின்ன வயசுல பாத்தது எப்பவுமே பிடிக்கும்’ என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்குப் போதவில்லை.

என் கணக்கு இது. 1995 முதல் 2009 வரை 10 படங்கள். அதில் ‘டாய் ஸ்டோரி 2’ ஒன்றுதான் தொடர்ச்சி. 2010 முதல் 2019 வரை 11 படங்கள். அதில் 7 படங்கள் பழைய கதைகளின் தொடர்ச்சியோ முன்கதையோ. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை 11 முறை வாங்கிய நிறுவனம், 2020-இல் வந்த ‘சோல்’ படத்துக்குப் பிறகு ஒன்றுகூட வாங்கவில்லை. 2025-இல் அந்த விருது பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த ‘ஃப்ளோ’வுக்குப் போனது. போட்டியில் ‘இன்சைட் அவுட் 2’ இருந்தது.

சரிவு இருக்கிறது என்றால் அது கதையிலா, படத்தின் தோற்றத்திலா, வேலை நடக்கிற முறையிலா? தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

கதைப்பலகை பதில்:

தொடர்ச்சிப் படங்களின் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்காதீர்கள் நண்பரே. உங்கள் கணக்கையே இன்னும் கொஞ்சம் நீட்டினால் 2020 முதல் 2025 வரை 8 படங்கள், அதில் 6 புதுக்கதை. முந்தைய பத்தாண்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்களுக்குச் சரிவு தெரிகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

பிக்சாரின் பலம் நல்ல முதல் வரைவு என்று பலரும் நினைக்கிறார்கள். அவர்களுடைய முதல் வரைவுகள் பெரும்பாலும் மோசம். 1993 நவம்பரில் ‘டாய் ஸ்டோரி’யின் வரைவு ரீலை டிஸ்னியில் போட்டுக் காட்டியபோது கதாநாயகப் பொம்மை வுடி யாருக்கும் பிடிக்காத கொடூரனாக இருந்தான். தயாரிப்பையே நிறுத்தி, கதையைத் திருப்பி எழுதினார்கள். ‘டாய் ஸ்டோரி 2’ வெளியீட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் இருக்கும்போது கதை அடியோடு மாறியது. ஒரு சிறுமியின் உணர்ச்சிகளே பாத்திரங்களாக வரும் ‘இன்சைட் அவுட்’டில் ஜாயுடன் (மகிழ்ச்சி) தொலைந்துபோகிற பாத்திரம் வெகுகாலம் ஃபியராகத்தான் (பயம்) இருந்தது. கதை நகரவில்லை என்று தெரிந்த பிறகு, இயக்குநர் பீட் டாக்டர் அந்த இடத்தில் சாட்னஸைக் (சோகம்) கொண்டுவந்தார். அந்த ஒரு மாற்றத்தில்தான் படமே நிற்கிறது. ஆக, உடைந்ததைச் சரிசெய்கிற திறமைதான் அவர்கள் கைச்சரக்கு.

சரிசெய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். ஓவியர்கள் ஸ்டோரிபோர்டு வரைவார்கள். எடிட்டர் அந்தப் படங்களை நேரக் கணக்கோடு அடுக்கி, அலுவலக ஊழியர்களையே வசனம் பேசவைத்து, தற்காலிக இசை சேர்த்து, முழுப்படம்போல ஓட்டுவார். இதுதான் ஸ்டோரி ரீல். சில மாதங்களுக்கு ஒருமுறை இதைப் போட்டுப் பார்த்து, ‘பிரெய்ன் டிரஸ்ட்’ என்கிற மூத்த இயக்குநர், எழுத்தாளர் குழு குறைகளைச் சொல்லும். தீர்வைத் திணிக்கிற அதிகாரம் அந்தக் குழுவுக்குக் கிடையாது, முடிவு இயக்குநருடையது. பிறகு கிழித்துப்போட்டு மறுபடி வரைவார்கள்.

இந்தச் சுற்று இரண்டு இடத்தில் பழுதாகும்.

முதலாவது, கதை உறுதியாகும் முன்பே மாடலிங் (உருவங்களைக் கணினியில் செய்வது), ரிக்கிங் (அவற்றை அசைக்க உள்ளே எலும்புக்கூடு வைப்பது), செட் வேலை தொடங்கிவிடுவது. வெளியீட்டுத் தேதி குறித்தாயிற்று, ஆட்கள் காத்திருக்கிறார்கள், சம்பளம் ஓடுகிறது. அந்த நிலையில் கட்டிய ஊரையும் செய்த பாத்திரங்களையும் தூக்கிப்போட மனம் வராது. அவை அப்படியே இருக்க, அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்ற காரணத்தை மட்டும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். திரையில் அது ‘எல்லாம் நடக்கிறது, ஆனால் ஏன் நடக்கிறது?’ என்ற உணர்வாக வரும். ‘டாய் ஸ்டோரி’க்கு ஆன செலவு 3 கோடி டாலர். இன்றைய படங்களுக்கு 20 கோடி. திருத்தத்தின் விலையும் அதோடு சேர்ந்து ஏறிவிட்டது.

இரண்டாவது, பாதி வழியில் இயக்குநரை மாற்றுவது. ‘பிரேவ்’ படத்தில் பிரெண்டா சாப்மன் போய் மார்க் ஆண்ட்ரூஸ் வந்தார். ‘தி குட் டைனோசர்’ பாப் பீட்டர்சனிடமிருந்து பீட்டர் சோனிடம் போனது. அந்தப் படம் தள்ளிப்போனதால் 2014-இல் பிக்சாரிடமிருந்து படமே வரவில்லை; குரல் கொடுத்தவர்களில் பிரான்சஸ் மக்டார்மண்ட் தவிர கிட்டத்தட்ட எல்லோரும் மாறினார்கள். ‘எலியோ’வில் ஏட்ரியன் மொலினாவுக்குப் பதில் மேடலின் ஷராஃபியானும் டோமி ஷியும் வந்தார்கள். 2024 மார்ச்சில் வரவேண்டியது 2025 ஜூனில் வந்தது. இடையில் அந்தப் பையனின் அம்மா அத்தையாக மாறிவிட்டார்.

‘ரட்டட்டூயி’யிலும் இயக்குநர் மாறினாரே என்று கேட்கலாம். மாறினார். 2005-இல் யான் பின்காவா விலகி பிராட் பேர்ட் பொறுப்பேற்றார். ஆனால் அவர் ஒட்டுப்போடவில்லை. உயிரோடு இருந்த சமையல்காரர் குஸ்தோவைக் கதைக்கு முன்பே இறந்தவராக்கினார். சமையலறை ஆட்களான ஸ்கின்னருக்கும் கோலெட்டுக்கும் இடத்தைப் பெருக்கினார். எலிகளை மனிதச் சாயலிலிருந்து நிஜ எலிக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். அந்த அளவு உரிமையும் துணிவும் சேர்ந்தால்தான் கைமாறிய படம் பிழைக்கும்.

ஆட்கள் விஷயத்தையும் மறக்கக் கூடாது. கதைத் துறையின் தூணாக இருந்த ஜோ ரான்ஃப்ட் 2005-இல் இறந்தார். மூத்த இயக்குநர்களான ஜான் லாசெட்டர் 2018-இலும் லீ அன்க்ரிச் 2019-இலும் வெளியேறினார்கள். அந்த அறையில் பத்துப் பதினைந்து வருடம் ஒருவரையொருவர் தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருத்திப் பழகியவர்கள் இவர்கள். அந்தப் பழக்கம் புதிதாக வந்தவர்களிடம் ஊறக் காலம் ஆகும்.

---

ரெண்டர்பண்ணை பதில்:

கதை பற்றி மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். தோற்றத்தில் சரிவு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1995-இல் பொம்மைகளைக் கதாநாயகர்களாக எடுத்ததற்கு ஒரு காரணம், அன்றைய கணினி வரைகலைக்குப் பிளாஸ்டிக் நன்றாக வரும். தோல், முடி, துணி வராது. 2001-இல் ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ படத்தின் சல்லியின் உடம்பில் 23 லட்சம் முடிகள் அசைந்தன. 2013-இல் ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’யில் குளோபல் இல்லுமினேஷன், அதாவது தெறிக்கிற வெளிச்சத்தைக் கணினியே கணக்கிடும் முறை, வந்தது. அதுவரை சுவரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைக் காட்ட லைட்டிங் ஆட்கள் கையால் பொய் விளக்குகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். ‘ஃபைண்டிங் டோரி’யில் பிக்சாரின் படமாக்கும் மென்பொருளான ரெண்டர்மேன், ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முழுப் பாத் டிரேசிங்குக்குப் போனது.

‘எலிமென்டல்’ படத்தில் நெருப்பாலான பெண் எம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாத்திரத்தில் அனிமேட்டர் முடித்த முகபாவம்தான் கடைசியில் திரைக்கு வரும். எம்பருக்கு அப்படி இல்லை. அனிமேட்டர் உருவத்தை அசைத்து முடித்த பிறகு, அதன்மேல் நெருப்பு எப்படி அசையும் என்று கணினி கணக்கிடும் சிமுலேஷன் ஓட வேண்டும், ஷாட்டுக்கு ஷாட். அதை அப்படியே விட்டால் நிஜ நெருப்புபோல இருக்கும். ஒரு பெண் எரிந்துகொண்டிருப்பதுபோல அச்சமாகத் தெரியும். அதனால் நியூரல் ஸ்டைல் டிரான்ஸ்ஃபர் (ஒரு படத்தின் பாணியை இன்னொன்றுக்கு மாற்றும் செயற்கை நுண்ணறிவு முறை) வைத்து, தீநாக்குகளைக் கையால் வரைந்த வளைவுகளின் சாயலுக்கு மாற்றினார்கள். தீ கூடிப்போனால் கண்ணும் வாயும் கரைந்துவிடும், குறைந்தால் ஆரஞ்சு நிறப் பொம்மையாகிவிடும். படம் முழுக்க அந்தச் சமன் குலையவில்லை. அசாத்திய வேலை.

குறை சொல்லவேண்டிய இடம் வேறு. 2018-இல் சோனியின் ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ வந்து, நொடிக்கு 24 சட்டகத்தில் ஒரே அசைவை இரண்டு சட்டகம் நிறுத்திப்பிடிப்பது, காமிக்ஸ் அச்சுப் புள்ளிகளைப் போடுவது என்று கணினிப் படத்தின் முகத்தையே மாற்றியது. அந்த வருடம் பிக்சார் கொடுத்தது ‘இன்கிரெடிபிள்ஸ் 2’. அழகான படம்தான், ஆனால் வழக்கமான உருண்டை முகம், மென்மையான வெளிச்சம். பிறகு ‘சோல்’ படத்தில் ஒற்றைக் கம்பிக் கோடாக வரும் ஜெர்ரிகள், ‘லூக்கா’வின் வெட்டுவெட்டான அசைவு, ‘டர்னிங் ரெட்’டின் அனிமே கண்கள் என்று முயன்றார்கள். அந்த மூன்றுமே அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நேராக ஓடிடிக்குப் போய்விட்டதால், பிக்சார் தன் பாணியை மாற்றிக்கொண்டதே நிறையப் பேருக்குத் தெரியாது.

தோற்றம் உண்மையாகவே தவறிப்போன படம் ‘தி குட் டைனோசர்’. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலத் தரவை வைத்து மலையும் ஆறும் கட்டினார்கள். மேகங்கள்கூட வரைந்த பின்னணி கிடையாது, முப்பரிமாணம். அதன் நடுவில் பச்சை ரப்பர்போல குட்டி டைனோசர் ஆர்லோ. ஆறு நிஜமாக இருந்தால் அதில் விழுகிற உடம்புக்கும் எடை இருக்க வேண்டும் என்று கண் எதிர்பார்க்கும். ஆர்லோ பாறையில் மோதியும் அடுத்த ஷாட்டில் எழுந்து நிற்கும்போது ஆபத்தே போய்விடுகிறது.

---

முதல்காட்சி பதில்:

கதைப்பலகை சார் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் புதுக்கதை 6 என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. வசூலைத் தரத்துக்குச் சான்றாக நான் சொல்லவில்லை. அடுத்து என்ன படம் எடுக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

‘எலிமென்டல்’ அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 2.96 கோடி டாலர்தான் எடுத்தது. தோல்வி என்றே எழுதினார்கள். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, உலக அளவில் 49 கோடியைத் தாண்டியது. ‘எலியோ’ சுமார் 2.1 கோடியோடு தொடங்கியது. பிக்சார் வரலாற்றிலேயே குறைந்த தொடக்கம், அது எழவும் இல்லை. நடுவில் ‘இன்சைட் அவுட் 2’ சுமார் 170 கோடி டாலர். இந்த மூன்று எண்ணையும் பார்க்கிற எந்த நிர்வாகமும் எந்தப் பக்கம் சாயும்? 2024 மே மாதம் ஊழியர்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேரை அனுப்பியதும் சேர்ந்துகொண்டது.

‘சோல்’, ‘லூக்கா’, ‘டர்னிங் ரெட்’ மூன்றையும் வீட்டுத் திரைக்கு அனுப்பியது பெரிய தவறு என்பது என் கருத்து. ‘பிக்சார் படமா, கொஞ்ச நாளில் வீட்டிலேயே வந்துவிடும்’ என்று குடும்பங்களுக்கு அவர்களே பழக்கிவிட்டார்கள். அந்த விலையைக் கட்டியது அடுத்து வந்த புதுக்கதைகள்.

---

சட்டகம்24 பதில்:

மூவருக்கும் நன்றி. கதைப்பலகை சார், ஒரு சந்தேகம். ஒட்டுப்போட்ட கதை என்பதை ரீல் பார்க்காத பார்வையாளர் படத்திலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? தயாரிப்புச் செய்திகளைப் படித்துவிட்டு அதையே படத்தில் தேடுகிற ஆபத்து இருக்கிறதே.

---

கதைப்பலகை பதில்:

நியாயமான பயம். செய்திகளை ஒதுக்கிவிட்டு இப்படிப் பாருங்கள்.

முதல் 20 நிமிடத்தில் படம் தன் உலகத்துக்கு என்ன விதிகள் சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான்கைந்துதான் இருக்கும். பிறகு உச்சக்கட்டத்துக்கு நேராகப் போய், அந்த விதிகளில் ஏதாவது ஒன்று முடிவைக் கொண்டுவருகிறதா என்று பாருங்கள். ‘இன்சைட் அவுட்’டில் சாட்னஸ் தொட்ட நினைவு நீலமாகும், அதனால் தொடவே கூடாது என்பது தொடக்கத்திலேயே வந்துவிடும். முடிவில் ஜாய் தானே அந்த நினைவு உருண்டைகளை அவளிடம் கொடுக்கிறாள். விதிதான் முடிவு.

‘லைட்இயர்’ படத்துக்கும் இதைச் செய்யுங்கள். விண்வெளி வீரன் பஸ் லைட்இயர் சோதனைப் பறப்புக்குப் போய்வருகிற சில நிமிடங்களில் தரையில் 4 வருடம் ஓடிவிடும். அவன் விடாமல் போய்க்கொண்டே இருக்க, மொத்தம் 62 வருடம் கழிந்து, தோழி அலீஷாவின் வாழ்க்கையே முடிந்துவிடுகிறது. இவ்வளவு கனமான விதியைச் சொல்லிவிட்டு, உச்சக்கட்டம் ரோபோக்களோடும் வில்லன் ஜர்க்கோடும் சண்டையாகப் போகிறது. ஜர்க் வயதான பஸ்தான் என்று கடைசியில் கொண்டுவந்து காலத்தைத் தொடுகிறார்கள். அதைப் பேசவேண்டிய காட்சி துரத்தலாக மாறிவிடுகிறது. முதல் அரைமணி நேரம் ஒரு படம், மீதி வேறு படம்.

இன்னொன்று, திருப்புமுனைக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ‘ரட்டட்டூயி’யில் விமர்சகர் ஈகோ ஒரு கவளம் வாயில் வைக்கிறார். கண் விரிகிறது, கேமரா அந்தக் கண்ணுக்குள் பாய்கிறது, வாசற்படியில் முகம் வாடிய சிறுவன், வெளியே விழுந்துகிடக்கிற சைக்கிள், அம்மா வைக்கிற கிண்ணம். திரும்பி வந்தால் அவர் கையிலிருந்த பேனா நழுவித் தரையில் விழுகிறது. ஒரு சொல் தேவையில்லை. அதே சோதனையை ‘எலிமென்டல்’ படத்தில் காதலன் வேட்டின் குடும்பத்தோடு எம்பர் சாப்பிடுகிற காட்சிக்கு வைத்தால் பாதிதான் தேறும், காட்சியின் பாரம் வசனத்தில் இருக்கிறது. ஆனால் ‘இன்சைட் அவுட் 2’-இல் சிறுமி ரைலி ஹாக்கி ஆட்டத்தின் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்து மூச்சுத் திணறுவதும், அவள் மனதை இயக்கும் பலகையைச் சுற்றி ஆங்ஸைட்டி (பதற்றம்) ஆரஞ்சுப் புயலாகச் சுழல்வதும் முழுசாகத் தேறும். தொடர்ச்சிப் படம்தான், இருந்தும் அந்தக் காட்சியை என்னால் 2009 வரையிலான பழைய பத்துப் படங்களுக்குப் பக்கத்தில் வைக்க முடிகிறது.

ஒப்பிடும்போது அந்தப் பத்தில் ‘கார்ஸ்’, ‘எ பக்ஸ் லைஃப்’ இரண்டையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வால்-ஈ’யையும் ‘அப்’பையும் மட்டும் எதிரே நிறுத்தினால் எந்த ஸ்டுடியோவின் எந்தப் படமும் தோற்கத்தான் செய்யும்.