இரவில் பிளேட் ரீடர் ரன் பாதியில் நிற்கிறது – உதவி தேவை

நுவரெலியா லெப்
வணக்கம். பிளேட் ரீடரில் (பிளேட்டின் குழிகளுக்குள் ஒளி செலுத்தி அளக்கும் கருவி) பக்டீரியா வளர்ச்சியை 600 நானோமீட்டர் ஒளியில், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலம் அளக்கிறோம். கணினியைக் கொழும்புத் தலைமையகத்தின் டொமைனில் (கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில்) சேர்த்ததிலிருந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் ரீடரின் தொடர்பு அறுந்துவிடுகிறது. பகலில் பிரச்சினையே இல்லை. யூஎஸ்பி கேபிளும் மாற்றியாயிற்று. மழைக்குக் கரண்ட் விட்டு விட்டு வருவதுதான் காரணமா? நின்ற இடத்திலிருந்து ரன்னைத் தொடரலாமா?

பேராதனை ஐடி
விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லொக்கை (கணினியின் நிகழ்வுப் பதிவை) திறந்து, நின்ற நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கேர்னல்-பவர் 42 என்றால் கணினி ஸ்லீப்புக்குப் போயிருக்கிறது. 1074 என்றால் ஏதோ ஒரு புரோகிராம் ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. அதன் பெயரும் அங்கேயே இருக்கும், பெரும்பாலும் அப்டேட்தான். 41உம் 6008உம் (கணினி எதிர்பாராமல் அணைந்தது என்று அர்த்தம்) வந்தால் கரண்டைச் சந்தேகியுங்கள். பகலில் யாராவது மவுஸைத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆகவே 42தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தொடர வேண்டாம். கரண்ட் போனால் 37 பாகையில் இருந்த பிளேட் உங்கள் ஊர்க் குளிரில் ஆறிவிடும், வளர்ச்சி மந்தமாகும். அந்த இரண்டு துண்டையும் ஒட்டிய வளைகோட்டை நம்ப முடியாது. புதுப் பிளேட் போடுங்கள்.

நுவரெலியா லெப்
42தான் அண்ணா! ஸ்லீப்பை நிறுத்தி வைத்தேன், பின்னேரம் பார்த்தால் பழையபடி வந்திருக்கிறது.

பேராதனை ஐடி
குரூப் பொலிசி (டொமைன் கணினிகளுக்குத் தலைமையகம் போடும் செட்டிங்) ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்ப வந்து உட்காரும். கையால் மாற்றியது நிலைக்காது. இந்தக் கணினியை ஆய்வுக் கருவிகளுக்கென்று தனி ஓயூவுக்கு (டொமைனில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) மாற்றச் சொல்லி ஐடி பிரிவுக்கு எழுதுங்கள். ஸ்லீப்பும் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பென்டும் (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்க வைப்பது) நிற்க வேண்டும். அப்டேட் ரீஸ்டார்ட்டை நீங்கள் சொல்லும் நாளில் மட்டும் செய்யட்டும். அக்டிவ் அவர்ஸ் (அப்டேட் தானாக ரீஸ்டார்ட் செய்யாத நேரம்) கூடியது 18 மணித்தியாலம்தான், உங்கள் ரன் அதற்குள் அடங்காது. அன்டிவைரஸை நிறுத்தவே கேட்காதீர்கள், நோயாளர் மாதிரி விபரம் உள்ள கணினி அது. கருவிக் கம்பனி எழுத்தில் தரும் ஃபோல்டர்களுக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள்.

பதுளை பயோமெட்
யூபிஎஸ் கணினிக்கு மட்டும்தானா? அப்படியென்றால் கரண்ட் போகும்போது ரீடர் மட்டும் அணையும், கணினி லொக்கில் 41 விழாது, காரணம் தெரியாமல் தேடுவீர்கள். இரண்டையும் ஒரே ஒன்லைன் யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனாலும் இடைவெளியில்லாமல் தரும் வகை) போடுங்கள். ரீடரின் பின்பக்க லேபலில் உள்ள வாட்டையும் கணினியின் வாட்டையும் கூட்டி, யூபிஎஸ்ஸின் விஏ (வோல்ட்-அம்பியர்) கணக்கோடு அல்ல, வாட் கணக்கோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஜெனரேட்டர் பிடிக்கும்வரை தாங்குகிறதா என்று தண்ணீர் ஊற்றிய பிளேட்டை ஓடவிட்டு, சுவர்ப் பிளக்கின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.