பேத்திக்கு ‘மரிலூஸ்’ என்று பெயர் வைக்கலாமா? பொருளும் பின்னணியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ராயபுரத்துத் தாத்தா:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் மூன்று தலைமுறையாக வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். சென்ற மாதம் எங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருக்கிறார். கடலுக்குப் போன முதல் வருடத்தில் தமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஸ்பெயின் நாட்டுத் தலைமை இன்ஜினியர் மீது அவருக்கு அளவற்ற மரியாதை உண்டு. அந்தப் பெரியவரின் காலஞ்சென்ற மனைவியின் பெயர் ‘மரிலூஸ்’ என்பதால், அதையே எங்கள் பேத்திக்கு வைக்க வேண்டும் என்று கேட்கிறார். மகளுக்கும் சம்மதம்தான். என் மனைவிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “லூஸ் என்று முடிகிற பெயரை வைத்துவிட்டுப் பிள்ளையை நம் தெருவில் விளையாட விட முடியுமா?” என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

நான் அறிய விரும்புவது இவைதான். இந்தப் பெயருக்குப் பொருள் என்ன? பங்குத்தந்தை கேட்டால் இது எந்தப் புனிதரின் பெயர் என்று சொல்வது? ஸ்பெயினில் இது பரவலான பெயரா, அபூர்வமானதா? இதை ஒரே சொல்லாக எழுத வேண்டுமா, இரண்டாகப் பிரிக்க வேண்டுமா?

பெரம்பூர் ஆசிரியை:

ஐயா, பேத்திக்கு என் ஆசீர்வாதங்கள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இளம் வயதில் ஸ்பானியக் கன்னியர் சிலரிடம் அந்த மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டவள் என்ற துணிவில் எழுதுகிறேன்.

மரிலூஸ் என்பது ‘மரியா தெ லா லூஸ்’ என்ற முழுப்பெயரின் சுருக்கம். லூஸ் என்றால் ஒளி. ஆகவே ‘ஒளியின் மரியாள்’, நம் வழக்கில் சொன்னால் பிரகாச மாதா. இது தேவமாதாவின் பட்டப்பெயர்களில் ஒன்று என்பதால் திருமுழுக்குக்கு எந்தத் தடையும் இருக்காது.

இப்படிப் பெயர் வைக்கும் முறை நமக்குப் புதியதே அல்ல. ஸ்பானிய ஊர்களில் மரியா என்ற பெயர் வீட்டுக்கு வீடு இருந்ததால், அதை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனவே மாதாவின் ஏதாவதொரு பட்டத்தைச் சேர்த்து வைத்தார்கள், நாளடைவில் அந்தப் பட்டமே பெயராக நின்றுவிட்டது. டொலோரெஸ் என்றால் நம் வியாகுல மேரி. சொகோர்ரோ சகாய மேரி, அம்பாரோ அடைக்கல மேரி, ரொசாரியோ செபமாலை மேரி. நியேவெஸ் என்பது தூத்துக்குடிக்காரர்கள் வைக்கும் பனிமய மேரி. ஏன், வேளாங்கண்ணிக்கு நேர்ந்து நாம் வைக்கிற ஆரோக்கிய மேரிக்கும் ‘மரியா தெ லா சலூத்’ என்ற அச்சு அசலான இணை அங்கே உண்டு. ராயபுரத்தில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் இவர்களில் இரண்டு பேராவது பதில் சொல்வார்கள். அந்த வரிசையில் நம் காதுக்குப் பழகாமல் போனது ஒளி மட்டுமே.

சுருக்கும் விதத்தில்தான் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. அவர்கள் மரியாவின் கடைசி உயிரை உதிர்த்து ‘மரி’ என்றாக்கி, அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுவார்கள். மரியா இசபெல் மரிபெல் ஆவதும், மரியா தெல் மார் மரிமார் ஆவதும் இப்படித்தான். மரிசோல் என்பதைச் சிலர் மரியாவும் சூரியனும் என்பார்கள், சிலர் மரியா சொலெதாத், அதாவது தனிமையின் மாதா, என்பார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அந்த மொழியில் உள்ள ‘மரிபோசா’ என்ற சொல்கூட இதே அச்சில் வார்த்ததுதான். ‘மரி, போசா’, அதாவது ‘மரியே, வந்து உட்கார்’ என்று குழந்தைகள் பூச்சியை அழைத்ததைப் போன்ற சொற்சேர்க்கை அது.

பரவல் பற்றிக் கேட்டீர்கள். நாட்டிலேயே மிகுதியான பெண்பெயரான மரியா கார்மெனோடு ஒப்பிட்டால் மரிலூஸ் மிகச் சிறியது. பதிவேட்டில் ‘மரியா லூஸ்’ என்று இருப்பவர்களை வீட்டில் மரிலூஸ் என்று அழைப்பதுதான் வழக்கம், ஒட்டிய வடிவத்தையே சட்டப்பூர்வமான பெயராகக் கொண்டவர்கள் குறைவு. இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1938-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் தரப்பு பிறப்பித்த ஆணை, பெயர்கள் காஸ்திலிய மொழியில்தான், அதாவது நாம் ஸ்பானியம் என்று சொல்லும் மொழியில்தான், இருக்க வேண்டும் என்றது. 1957-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலும் அந்த இறுக்கம் தொடர்ந்தது. 1977-இல்தான் கத்தலான், பாஸ்க் போன்ற மொழிப் பெயர்களுக்கு வழி திறந்தது. வீட்டுச் சுருக்கப் பெயர்கள் மீதிருந்த தடை விலக 2007 வரை ஆயிற்று. அதற்குள் இத்தகைய கூட்டுப் பெயர்களின் காலமே போய்விட்டது. இந்த நூற்றாண்டில் பல ஆண்டுகள் பிறந்த பெண் குழந்தைகளின் பட்டியலில் லூசியா முதலிடம் பிடித்திருக்கிறது. அதற்கும் வேர் ஒளிதான் என்பதால், ஒளி போகவில்லை, பாட்டியின் பெயரிலிருந்து பேத்தியின் பெயருக்கு இடம் மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்டையார்பேட்டை மாலுமி:

பெரியவருக்கு வணக்கம். இருபது வருடம் கப்பலில் இருந்தவன் என்பதால் உச்சரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்தக் கடைசி எழுத்தை ‘ஸ்’ என்று சொல்லமாட்டார்கள். நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து, காற்றோடு ‘லூத்’ என்பது போல ஒலிப்பார்கள். மெக்சிகோவிலும் பெருவிலும் கரை இறங்கினால் அதே பெயர் ‘ஸ்’ என்று முடியும். அழுத்தம் எங்கும் கடைசி அசையில்தான் விழும். உங்கள் மருமகனின் குரு எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டம்மாவின் கவலை பாதி தீர்ந்துவிடலாம்.

ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்கும்போது வடகரையில் தாரிஃபா என்ற ஊர் தெரியும், ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடி அது. அந்த ஊரின் பாதுகாவலி இந்த ஒளி மாதாதான், திருநாள் செப்டம்பர் 8. நம் வேளாங்கண்ணித் திருநாள் அன்றே அங்கேயும் திருவிழா என்பதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் நாட்டவர் வீடுகளில் லூஸ்விமிண்டா என்றொரு பெயரும் அடிக்கடி காதில் விழும். அதிலும் இந்த ஒளி இருக்கிறது.

பெரம்பூர் ஆசிரியை:

தம்பி, ஒரு சிறு திருத்தம். லூஸ்விமிண்டா என்பது லூசோன், விசாயாஸ், மிண்டனாவோ என்ற மூன்று தீவுப் பகுதிகளின் பெயர்களை வெட்டி ஒட்டியது. லூசோனுக்கும் ஒளிக்கும் தொடர்பில்லை. லூஸ் என்ற பெயருடைய பெண்களை மெக்சிகோவில் செல்லமாக ‘லூச்சா’ என்று அழைப்பார்கள். 1906-இல் குவாதலஹாராவில் பிறந்த பாடகி லூச்சா ரெயெஸின் இயற்பெயர் மரியா தெ லா லூஸ்தான்.

வண்ணாரப்பேட்டை வாசகன்:

ஆசிரியை அம்மா ஒளி மட்டும் நம் காதுக்குப் பழகவில்லை என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் தினமும் சொல்கிற ‘லஸ் கார்னர்’ என்ன? மயிலாப்பூரில் போர்த்துகீசியர் கட்டிய, 1516 என்று ஆண்டு பொறித்த பிரகாச மாதா ஆலயத்தின் பெயரிலிருந்து வந்ததல்லவா? ஊர்க்காரர்களுக்கு அது காட்டுக்கோயில், கட்டியவர்களுக்கு ‘நோசா சென்யோரா த லூஸ்’. கடலில் திசை தெரியாமல் தவித்தவர்கள் ஓர் ஒளியைக் கண்டு கரை சேர்ந்தார்கள் என்பது அந்தக் கோயிலின் கதை. ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் அந்தச் சொல் ஒன்றேதான். வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த, லிஸ்பனில் உள்ள பென்ஃபிகா அணியின் ‘லூஸ்’ மைதானத்துக்கும் இதே மாதாவின் பெயரில் உள்ள ஒரு கோயில் வழியாகத்தான் பெயர் வந்தது. ஆக, பேத்தியின் பெயர் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்ததாக நினைத்தாலும், 21 நம்பர் பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய தூரத்தில் ஐந்நூறு ஆண்டுகளாக இருந்துகொண்டுதான் இருக்கிறது.

என் யோசனை: மயிலாப்பூர் மக்கள் நெடிலைக் குறிலாக்கி லஸ் என்று சொல்லித் தப்பித்ததைப் போல, நீங்களும் தமிழில் ‘மரிலுஸ்’ என்று குறிலாக எழுதுங்கள்.

சொல்லைப் பிரிப்பது பற்றி: ஒரே சொல்லாகவே பதியுங்கள். இரண்டாக எழுதினால் நம் ஊர்ப் படிவங்களில் பின்பாதி அப்பா பெயராகவோ குடும்பப் பெயராகவோ போய் உட்கார்ந்துகொள்ளும். என் அண்ணன் மகள் சகாய மேரி பாஸ்போர்ட்டில் வெறும் சகாயமாகி, அதைத் திருத்த நாங்கள் அலைந்தது போதும். ஸ்பெயினில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஒரு கூட்டுப் பெயரோ இரண்டு தனிப் பெயர்களோதான் வைக்கலாம் என்று சட்டமே வரையறுக்கிறது, அதன்பின் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர்கள் வரும். எனவே எது எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வருவதில்லை. அவசரப்படவும் வேண்டாம். பிறப்பு பதிவாகியிருந்தால், ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஸ்பெயினில் ஹோசே மரியா என்றால் ஆண், மரியா ஹோசே என்றால் பெண், அதாவது முதற்சொல் தீர்மானிக்கிறது. நம்மிடம் மரிய சூசை ஆண், சூசை மேரி பெண், ஈற்றுச் சொல்தான் தீர்மானிக்கிறது. அதே இரண்டு பெயர்கள், அதே மதம், ஆனால் இலக்கணம் தலைகீழ்.

ராயபுரத்துத் தாத்தா:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருமகனிடம் கேட்டேன். பெரியவர் பில்பாவோ நகரத்தவர் என்றும், அவர் வாயால் சொல்லும்போது ‘மரிலூத்’ என்றுதான் கேட்கும் என்றும், தான் அதை எழுத்தில் பார்த்துவிட்டு ‘ஸ்’ ஆக்கிக்கொண்டதாகவும் சொல்கிறார். ஆனால் ‘லூத்’ என் மனைவிக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

காட்டுக்கோயில் கதையைப் படித்துக் காட்டிய பிறகு அவர் முகம் மாறியது. அவருடைய அம்மா அந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மெழுகுவர்த்தி ஏற்றியவராம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. கடைசியில் தமிழில் மரிலுஸ் என்று ஒரே சொல்லாக எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. என் மனைவியோ இரண்டு நாளாகவே குழந்தையைப் ‘பிரகாசி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து இசட் என்பதை மட்டும் மாநகராட்சி அலுவலகத்தில் இரண்டு முறை அழுத்திச் சொல்லும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.