புது ஊருக்கு வந்து ஆள் பழகுற மாதிரி போன் கேம் எது இருக்கு? (சிம்ஸ் மொபைல் போனதுக்கு அப்புறம்)

நைட்ஷிப்ட்_நாச்சியார்
வணக்கம் மக்களே. 2026 ஜனவரி 20ஆம் தேதி சிம்ஸ் மொபைல் சர்வரை மூடிட்டாங்கல்ல, அதுல இருந்து ராத்திரில கை சும்மாவே இருக்கு. வீடு கட்டுறது சோபா மாத்துறது இதெல்லாம் எனக்கு பெருசா இல்லைங்க. எனக்கு பிடிச்சது ஆரம்பத்துல வர்ற அந்த பாகம் தான், அதாவது ஒரு சிம் (கேம்ல நாம நடத்துற ஆள்) யாரையும் தெரியாம ஊருக்கு வந்து பார்க்ல நிக்கிற யாரோ ஒருத்தர்கிட்ட போய் பேச்சு குடுக்கும், அது சிநேகமா போகணுமா காதலா போகணுமா இல்ல வம்புக்கு இழுக்கணுமான்னு நாம முடிவு பண்ணுவோம், அதுல இருந்து ஒரு கதை நகர ஆரம்பிக்கும் பாருங்க, அது. அந்த மாதிரி வேற ஏதாவது இருக்கா? சிம்ஸ் கம்பெனிக்காரங்களே ப்ராஜெக்ட் ரெனேன்னு புதுசா ஒரு கேம் செய்றாங்களாமே, அதுக்கு காத்திருக்கலாமா? போன் சாதாரண ஆண்ட்ராய்டு தான். முன்னபின்ன தெரியாதவங்களோட சாட் பண்ற மாதிரி இருந்தா வேணாம், வேலை முடிஞ்சு வந்து இன்னொரு மனுஷன்கிட்ட பேச எனக்கு தெம்பு கிடையாது 😅

சும்மா_ஒரு_ஆள்
இதுல யோசிக்க என்ன இருக்கு, சிம்ஸ் ஃப்ரீப்ளே போடுங்க. 2011ல வந்தது, ஆஸ்திரேலியா மெல்போர்ன்ல இருக்குற ஃபயர்மங்கீஸ் டீம் பண்ணது, பின்னாடி வந்த சிம்ஸ் மொபைல் போய் சேர்ந்துடுச்சு, இது இன்னும் ஓடிட்டு இருக்கு. எல்லாமே நிஜ நேரம் தான், தூங்குன்னு சொன்னா மணிக்கணக்கா தூங்கும், நீங்க ஷிப்ட் முடிச்சு வந்து எழுப்பி விட்டா சரியா இருக்கும். ரெண்டு பேர் அறிமுகமாகி, ஃப்ரெண்டாகி, பெஸ்ட் ஃப்ரெண்டாகுறதுக்குள்ள ஒவ்வொரு படியா ஏறணும், லவ்வுனா தனி ரூட்டு, மோதிரம் வாங்காம கல்யாணம் நடக்காது. நெட் மட்டும் இருக்கணும், போன்ல இடமும் கொஞ்சம் காலி பண்ணி வைங்க.

மாடிவீட்டு_மைனா
@சும்மா_ஒரு_ஆள் ஃப்ரீப்ளே நல்ல கேம் தான் இல்லைங்கல, ஆனா அக்கா கேட்டது அது இல்லையே. அதுல ஊர்ல இருக்குற அத்தனை பேரையும் நாமளே தான் செஞ்சு குடி வைக்கணும். பொண்ணும் நாம, மாப்பிள்ளையும் நாம, சண்டை போடுற பக்கத்து வீட்டுக்காரரும் நாமளே. இதுல புது ஊர்னு என்ன இருக்கு சொல்லுங்க? போதாததுக்கு ஒரு வீடு கட்டினா அடுத்த வீட்டு விலை ஏறிக்கிட்டே போகும்.

சிம்ஸ் மொபைல்ல விஷயமே வேற. நம்ம பார்ட்டிக்கு வர்ற சிம் எங்கயோ இருக்குற யாரோ செஞ்சது, அவங்க அந்நேரம் ஆபீஸ்லயோ தூக்கத்துலயோ இருப்பாங்க, அவங்க சிம் மட்டும் நம்ம ஹால்ல நின்னு ஆடிக்கிட்டு இருக்கும். டிரெஸ் நல்லா இருந்தா ஒரு ஸ்டிக்கர் குடுத்துட்டு நம்ம வேலைய பார்க்கலாம். பதில் சொல்லணும், ஆன்லைன்ல இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. ஆள் இருக்காங்க ஆனா தொந்தரவு இல்ல, என்னை மாதிரி கூச்ச சுபாவக்காரங்களுக்கு அதான் வேணும். கிட்டத்தட்ட இதே சங்கதி நின்டெண்டோவோட அனிமல் கிராசிங் பாக்கெட் கேம்ப்ல இருந்துச்சு, 2017ல வந்தது. 2024 நவம்பர்ல அதோட ஆன்லைனையும் நிறுத்திட்டாங்க, இப்ப ஒரே தடவை காசு குடுத்து வாங்குற ஆஃப்லைன் கேமா இருக்கு. மத்தவங்களோட கேம்பர் கார்டு (கேம்ல அவங்க அடையாள அட்டை) க்யூஆரை ஸ்கேன் பண்ணா அவங்க உருவம் நம்ம இடத்துக்கு வரும். ஆனா அது நகரம் இல்லக்கா, காட்டுல கேம்ப், பழகுறது ஆடு மாடு முயலோட.

சும்மா_ஒரு_ஆள்
சரி சரி ஒத்துக்கிறேன். ஆனா சிம்ஸ் மொபைலை ரொம்ப புகழாதீங்க, அதுல இருந்த எனர்ஜி கொடுமைய மறந்துட்டீங்களா? ஒரு பொண்ணுகிட்ட பேசிக்கிட்டே இருப்போம், பாதியில எனர்ஜி தீர்ந்துடும், அவளை அப்படியே நிக்க வச்சுட்டு கக்கூஸுக்கும் பாத்ரூமுக்கும் ஓடி ஏத்திக்கிட்டு வரணும். இப்படி எந்த ஊர்ல நட்பு வளரும் 😂

மாடிவீட்டு_மைனா
எனர்ஜி போடாம விட்டாலும் அது பாட்டுக்கு மெதுவா நடந்து முடியும், உங்களுக்கு தான் பொறுமை இல்ல 😏

கடலோரம்_கண்ணாடி
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், அவாகின் லைஃப் யாரும் சொல்லலையே? இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல இருக்குற லாக்வுட் கம்பெனியோடது, 2013ல இருந்தே இருக்கு. கஃபே, கிளப், பீச்னு எங்க போனாலும் நிக்கிறது எல்லாம் அந்த நிமிஷம் போனை கையில வச்சிருக்குற நிஜ ஆட்கள். புது ஊர்ல கால் வைக்கிற அந்த படபடப்பு வேணும்னா இதை விட பொருத்தமா வேற இல்ல, ஆனா உள்ள போன உடனே சாட்ல யாராவது பேச்சு குடுப்பாங்க, நாச்சியாருக்கு அது ஆகாது. போறதுன்னா நம்பர், இன்ஸ்டா ஐடி எதையும் குடுக்காதீங்க, யார் எவ்வளவு தேனா பேசினாலும் சரி.

ரெனே பத்தி கேட்டீங்கல்ல. 2022ல அறிவிச்சப்ப ஊரே சிம்ஸ் 5னு நம்புச்சு. 2024 அக்டோபர்ல "சிட்டி லைஃப் கேம் வித் ஃப்ரெண்ட்ஸ்"ங்கிற பேர்ல போன்ல டெஸ்ட் நடந்தப்ப படங்கள் வெளிய கசிஞ்சு, சிம்ஸ் ரசிகர்கள் இதுவா அடுத்த சிம்ஸ்னு கொதிச்சுட்டாங்க, அப்புறம் கம்பெனியே இது சிம்ஸ் 5 இல்லன்னு விளக்கம் குடுக்க வேண்டியதா போச்சு. என்னை கேட்டா கேமை குறை சொல்ல ஒண்ணும் இல்ல, முதல்லயே இது போனுக்கான ஒரு நட்பு கேம்னு சொல்லியிருந்தா இவ்வளவு திட்டு விழுந்திருக்காது. ஆனா அது கூட்டா சேர்ந்து ஆடுறதுக்குன்னே பண்றது, ஃப்ரெண்ட்ஸ் இருந்தா தான் ருசி. மைனா சொன்ன அந்த 'ஆள் தூங்கும், சிம் ஆடும்' சமாச்சாரத்தை எதிர்பார்த்து அதுக்காக உக்காந்து இருக்காதீங்க.

மாடிவீட்டு_மைனா
அக்கா அப்ப ஃப்ரீப்ளேயே போடுங்க, ஆனா ஒரு வழி சொல்றேன். ஒரே ஒரு சிம்மை மட்டும் உங்களுதா வச்சுக்குங்க. மத்தவங்களை செய்யும்போது பெர்சனாலிட்டி லிஸ்ட்ல கண்ணை மூடிட்டு எதையாவது தொடுங்க, பார்ட்டி பிரியர், புத்தகப் புழு, வில்லன்னு என்னென்னமோ இருக்கும். அவங்களை நீங்களா போய் நகர்த்தாதீங்க, உங்க சிம் போய் கதவை தட்டட்டும்.

நைட்ஷிப்ட்_நாச்சியார்
வில்லன் வேற இருக்கா அதுல? டவுன்லோட் போட்டாச்சு, எதிர் வீட்டுக்கு அவர் தான்.