ஜேஎஸ்பி இன்க்ளூடில் ஆப்ஜெக்ட் போகவில்லை, தமிழ்த் தலைப்பும் ???? ஆகிறது

கேட்டவர்:
ஆர்டர் பட்டியலில் ஒரு வரிசையைக் காட்டும் பகுதியைத் தனி ஜேஎஸ்பி (ஜாவா சர்வரில் இணையப் பக்கத்தை உருவாக்கும் கோப்பு வகை) கோப்பாகப் பிரித்து, ஃபார்ஈச் சுற்றுக்குள் இன்க்ளூட் செய்கிறேன். ஜேஎஸ்பி:பாராம் மூலம் ஆர்டர் ஆப்ஜெக்டையும் ஒரு தமிழ்த் தலைப்பையும் அனுப்புகிறேன். ஆப்ஜெக்ட் வரவேண்டிய இடத்தில் கிளாஸ் பெயரும் @ குறியும் ஏதோ எண்ணெழுத்துகளும் வருகின்றன. தலைப்போ வெறும் கேள்விக்குறிகள். பேஜ்என்கோடிங் (ஜேஎஸ்பி கோப்பின் எழுத்துக் குறியாக்கம்) யுடிஎஃப்-8 தான். சர்வர் டாம்கேட் 9.

பதில் 1:
பாராம் என்பது ரிக்வெஸ்ட் பாராமீட்டராகச் சேர்கிறது. பாராமீட்டர் என்றாலே ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர். ஆப்ஜெக்டைக் கொடுத்தால் அதை எழுத்தாக்கும் டுஸ்ட்ரிங் மெத்தட் எதைத் தருகிறதோ அதுவே போகும். ஆப்ஜெக்டையே அப்படியே வைத்துக்கொள்ளும் ரிக்வெஸ்ட் ஆட்ரிபியூட்டாக வையுங்கள். எடுக்கும்போது கெட்பாராமீட்டர் அல்ல, கெட்ஆட்ரிபியூட். ஐடியை மட்டும் அனுப்பி உள்ளே போய் டேட்டாபேஸில் மறுபடி தேடுகிறவர்களும் உண்டு. வரிசைக்கு ஒரு குவெரி! தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பதில் 2:
கேள்விக்குறி தனிக் கதை. டாம்கேட்டின் வொர்க் அடைவில் உங்கள் பக்கத்துக்காக உருவான ஜாவா கோப்பைத் திறந்து பாருங்கள். இன்க்ளூட் வரியில் பாராம் மதிப்பு யுஆர்எல்என்கோட் வழியாகப் போவதும், எந்தக் குறியாக்கம் என்பதை ரிக்வெஸ்டிடம் கேட்பதும் தெரியும். ரிக்வெஸ்டில் எதுவும் குறிப்பிடவில்லையென்றால் ஐஎஸ்ஓ-8859-1. அதில் தமிழுக்கு இடமே கிடையாது, அதனால்தான் எழுத்துக்குப் பதில் ? விழுகிறது. பேஜ்என்கோடிங் இந்த இடத்தைத் தொடுவதில்லை. ஒரு ஃபில்டரில் (ரிக்வெஸ்ட் பக்கத்தை அடையும் முன் ஓடும் நிரல்) செட்கேரக்டர்என்கோடிங் மூலம் யுடிஎஃப்-8 கொடுங்கள். பாராமீட்டர்களை வேறு எந்த நிரலும் படிப்பதற்கு முன்பாக.

கேட்டவர்:
தலைப்பு வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஃபார்ஈச் மாறியின் பெயரையே உள்பக்கத்தில் எழுதினால் காலியாக வருகிறது. அதுவும் ஆட்ரிபியூட்தானே?

பதில் 1:
ஆட்ரிபியூட்தான், ஆனால் பேஜ் ஸ்கோப், அதாவது அந்த ஒரு பக்கத்துக்குள் மட்டும் தெரிவது. இன்க்ளூட் ஆகும் பக்கத்துக்குத் தன் மாறிகளை வைத்திருக்கத் தனியாக ஒரு பேஜ்கான்டெக்ஸ்ட் இருப்பதால் உங்கள் மாறி அதன் கண்ணில் படாது. சுற்றுக்குள் மாறியைச் சி:செட் டேக்கில் போட்டு அதன் ஸ்கோப்பை ரிக்வெஸ்ட் ஆக்குங்கள். சுற்று முடிந்ததும் அதே ஸ்கோப்பைச் சொல்லி சி:ரிமூவ். இல்லாவிட்டால் கடைசி ஆர்டர் கீழே உள்ள வேறொரு இன்க்ளூடில் தலைகாட்டும்.

இந்தச் சடங்கு எனக்குப் பிடிக்காது. வெப்-இன்ஃப் அடைவின் கீழ் டேக்ஸ் அடைவில் ஒரு டேக் ஃபைல் (நாமே ஒரு டேக்கை வரையறுக்கும் கோப்பு) எழுதிவிடுவேன், ஜேஎஸ்பி 2.0 முதலே இந்த வசதி இருக்கிறது. ஆட்ரிபியூட் டைரக்டிவில் டைப் என்ற இடத்தில் ஆர்டர் கிளாஸின் முழுப் பெயரைக் கொடுத்தால் ஆப்ஜெக்ட் அப்படியே போய்ச்சேரும்.

கேட்டவர்:
டேக் ஃபைலுக்கே மாற்றிவிட்டேன். வரிசைகள் சரியாக வருகின்றன.